ஓரங்களின் இருட்டடிப்பு

இருட்டடிப்பு என்னும் சொல்லை நாம் அரசியலோடும் பத்திரிகைத் தொழிலோடும் சேர்த்தே வழங்கிவருகிறோம். வெளிவரவேண்டிய செய்தியை வெளிவராமற் செய்வதும், ஒரு நூலைப்பற்றி எவரும் வாய் திறவாதிருப்பதும் இருட்டடிப்பு எனப்படும். உருவகமாக வழங்கும் அச்சொல் தன் நேர்ப்பொருளிலேயே செயற்படும் துறை ஒன்று உண்டு. கமெராவின் வில்லைக்கு முன்னால் ஒரு பில்டரை மாட்டி, படத்தின் நடுவை மாத்திரம் ஒளியோடு விட்டு, நான்கு ஓரங்களையும் கறுக்கச் செய்யும் புகைப்பட முறையையே கருதுகிறேன். எமது மாணவப் புகைப்படக்காரரிடையே இம்முறை இன்று ஓர் ஆசாரம் போலப் பரவியுள்ளது. அழகுக்காகச் செய்கிறோம் என்கின்றனர். பார்வையை ஒருமுகப்படுத்துகிறோம் என்கின்றனர். மனிதரைப் பொருளாகக் கொண்ட படங்களில் இது ஒரு தீர்ப்பு என்றும், அத்தீர்ப்பு பெரும்பாலும் எளியவருக்கு எதிராகவே அமைகிறது என்றும் நான் கருதுகிறேன்.

இதை எழுதத் தூண்டிய படத்தை முதலிற் சொல்லிவிடுவதே நேர்மை. அண்மையில் மாணவர் கண்காட்சியொன்றிற் பரிசு பெற்ற படம் அது. 'மலையகப் பெண்' என்பது தலைப்பு. கொழுந்து பறிக்கும் ஒருவரின் முகமும் தோளும் நடுவில் ஒளிர்கின்றன. சுற்றிலும் முட்டை வடிவாக இருள் இறங்கியிருக்கிறது. நெற்றியிற் சுருக்கம், தலையை இறுக்கிய கூடைக் கயிறு, எங்கோ பதிந்த பார்வை. பார்த்தவர்கள் 'உச்' கொட்டினர். உழைப்பின் மௌனம் என்று தேர்வாளர் ஒருவர் புகழ்ந்தார். படத்தை எடுத்தவர் என் நண்பர். கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாதவர். பில்டரை மாட்டுவதற்குச் சற்று முன், அதே இடத்தில் நின்று அதே பெண்ணை எடுத்த வேறொரு படத்தையும் அவர் எனக்குக் காட்டினார். அதன் இடது ஓரத்திலே தராசு தொங்குகிறது. வலது ஓரத்திலே ஒரு கை. அக்கையிற் கணக்குப் புத்தகம். பின்னால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரக் கூரையும், தம் முறைக்காகக் காத்து நிற்கும் ஐந்தாறு பெண்களும். நடுவில் நிற்பவர் எதைப் பார்க்கிறார் என்பது இப்படத்தில் ஐயமின்றித் தெரிகிறது. தராசின் முள்ளைப் பார்க்கிறார். பரிசு பெற்ற படத்திலோ அவர் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே பார்வையாளர் அப்பார்வைக்கு ஏக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டனர். "அந்த ஓரமெல்லாம் கண்ணைக் குழப்புகிறது" என்பது நண்பர் தந்த விளக்கம்.

ஓரம் கறுத்தல் யாவும் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வில்லைக்கு அது பிறவிக் குணம். எளிய வில்லையொன்றில், மையத்தினின்று விலகுந்தோறும் ஒளி கோணத்தின் கோசைனுடைய நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் என்பதைப் பௌதிகவியல் மாணவர் அறிவர். 30 பாகை விலகிய புள்ளிக்குப் பாதியிலும் சற்று மிகுந்த ஒளியும், 45 பாகை விலகிய புள்ளிக்கு நாலிலொரு பங்குமே போய்ச் சேரும். இக்குறையைப் போக்குவதற்கு வில்லை செய்வோர் பட்ட பாடு சுவையானது. 1900 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் கேர்ட்ஸ் நிறுவனம் ஆக்கிய ஹைப்பர்கன் என்னும் அகலக்கோண வில்லையின் முன்னே நட்சத்திர வடிவான சிறு விசிறியொன்று பொருத்தப்பட்டிருந்தது. றப்பர்க் குமிழை அமுக்கிக் காற்றைச் செலுத்தினால் அது சுழலும். சுழன்று, நடுவில் மிகையாக விழும் ஒளியை மறைக்கும். ஓரங்கள் தம் பங்கைப் பெறும். பின்னாளில் இதே நோக்கத்துக்காக நடுப்பகுதி கறுத்து ஓரம் தெளிந்த பில்டர்களும் வந்தன. பில்டர் என்னும் கருவி ஓரத்துக்கு நியாயம் வழங்கவும் வல்லது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

அதனைத் தலைகீழாக்கி, நடு தெளிந்து ஓரம் கறுத்த பில்டரைச் செய்வதும் எளிதே. விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. அகலக்கோண வில்லையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று பில்டர்களைத் திருகினால் அவற்றின் வளையங்களே மூலைகளை மறைத்துவிடும். கறுப்பு அட்டையில் முட்டை வடிவாகத் துளை வெட்டி வில்லைக்கு முன் பிடிப்போரும் உளர். துவாரத்தைச் சுருக்கி எடுத்தால் இருளின் விளிம்பு கூராகத் தெரிந்து சூழ்ச்சி வெளிப்பட்டுவிடும். அகலத் திறந்து எடுத்தால் இருள் மெல்லப் படர்ந்து இயற்கை போலத் தோன்றும். கைதேர்ந்தவர் அகலத் திறந்தே எடுப்பர். செய்தது தெரியக்கூடாது என்பதே இக்கைத்திறனின் முதல் விதி. ஒரு முறையைப்பற்றி ஐயங்கொள்வதற்கு எனக்கு இவ்விதி ஒன்றே போதுமானதாயிருக்கிறது.

இம்முறையை ஆதரிப்போர் வழக்கமாக எடுத்துரைக்கும் நியாயம் ஒன்றுண்டு. மனிதக் கண்ணும் நடுவைத்தானே தெளிவாகக் காண்கிறது. பில்டர் கண்ணைப் பின்பற்றுகிறது என்பர். இது பாதி உண்மை. கண்ணின் ஓரப்பார்வையில் தெளிவு குறைவு. ஆனால் அங்கே இருள் இல்லை. விழித்திரையில், மங்கிய ஒளியை உணரும் கோல்கள் நடுவிலன்றி அதற்கு வெளியிலேயே செறிந்துள்ளன. மங்கலான விண்மீனை நேரே நோக்கினால் மறைந்து, சற்று விலகி நோக்கினாற் தோன்றுவது இதனாலேயே. வீதியிற் செல்கையில் பக்கத்திலிருந்து பாயும் வண்டியை முதலில் உணர்த்துவதும் ஓரப்பார்வையே. நடுவை ஆராய்வதும் ஓரத்தைக் காவல் செய்வதும் கண்ணின் இரு தொழில்கள். பில்டர் அவற்றுள் ஒன்றைப் பின்பற்றி மற்றதைக் குருடாக்குகிறது. மேலும், கண் ஓரிடத்தில் நில்லாது. ஓரம் ஐயத்தை எழுப்பினால் அங்கே திரும்பிப் பார்க்கும். இருட்டிய படத்தில் திரும்பிப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

இரண்டாவது நியாயம் இதனினும் வலியது, மேம்போக்காகத் தள்ளிவிடத்தக்கதன்று. புகைப்படம் எடுப்பதே தெரிவு செய்வதுதானே, சட்டத்துக்கு வெளியே உள்ளவற்றையெல்லாம் கமெரா வெட்டியெறிகிறது, ஓரத்தை இருட்டுவது அவ்வெட்டின் நீட்சிதானே என்று என் நண்பரே கேட்டார். இதற்கு விடை காண எனக்குச் சில நாட்கள் சென்றன. சட்டம் வெட்டும்போது அது தன் எல்லையைப் பகிரங்கமாகக் காட்டுகிறது. நேர்கோடாக அறுபட்ட தோளைக் காணும் எவரும், அப்பால் ஏதோ உண்டு என்று உணர்வர். கையொன்று பாதியில் அறுந்து உள்ளே நீண்டிருந்தால், அக்கைக்குரியவர் யார் என்று கேட்கவே செய்வர். இருட்டிய ஓரம் அக்கேள்வியைத் தோன்றவிடாது. அப்பால் ஒன்றுமில்லை, இம்மனிதர் வெறுவெளியிலிருந்து தோன்றியவர், இவருடைய துயரம் இவருக்குள்ளேயே முளைத்தது என்று அது சொல்லிவிடுகிறது. வெட்டுதல் பேச்சை இடையில் நிறுத்துவது போன்றது. இருட்டுதல், பேச வேறொன்றுமில்லை என்று சாட்சி கூறுவது.

அப்படியாயின் றெம்பிராண்ட்டின் ஓவியங்களை என் செய்வது என்று கலைவரலாறு கற்கும் நண்பர்கள் வினவலாம். ஓவியன் தான் கண்டதற்குச் சாட்சியாளனாக எம் முன் நிற்பதில்லை என்பது ஒரு விடை. அதனிலும் பொருத்தமான விடையொன்று எமது தீவோடு தொடர்புடைய ஒருவரின் வரலாற்றிற் கிடைக்கிறது.

கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தை அறியாத கலைப்பீட மாணவர் இலர். அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞருள் ஒருவர் என்பதை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே. கணவருக்கு இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் குடும்பத்தோடு இங்கு வந்த அவர் 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் அவர் எடுத்த உருவப்படங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1867 இல் வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷலை எடுத்த படத்தில், கறுத்த பின்னணியினின்று வெண்ணிற முடியும் கண்களும் மாத்திரமே வெளிப்படுகின்றன. அங்கே இருளைத் தந்தது பில்டரன்று, கறுந்துணியே. விளைவு ஏறத்தாழ ஒன்றே. அப்படத்தை நான் குறைகூற மாட்டேன். ஹேர்ஷலுக்குச் சூழல் வேண்டியதில்லை. அவருடைய தொலைநோக்கியும் நூல்களும் குடிப்பெருமையும் அவர் பெயருக்குள்ளேயே அடங்கியுள்ளன. படத்தின் கீழ் அப்பெயரை எழுதியதும் இருள் முழுவதும் நிரம்பிவிடுகிறது. டெனிசனும் டார்வினும் அவ்வாறே.

அதே அம்மையார் களுத்துறையில் எமது மக்களை எடுத்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றுள் ஒன்று மூவரைக் காட்டுவது. களுத்துறைக் குடியானவர் என்றும், சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், தான் அவளுடைய தந்தை எனக் கூறும் முதியவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் அதற்குக் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. வயது இருக்கிறது. பெயர் இல்லை. அம்மையாரை இதற்காகத் தூற்றுவதாற் பயன் ஒன்றுமில்லை. அவருடைய வர்க்கமும் காலமும் அத்தகையன. நான் வற்புறுத்துவது வேறு. பெயர் எழுதப்படாத ஒருவரைப்பற்றி நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர் நாம் எதையேனும் அறியவேண்டுமாயின் அவர் உடுத்திருப்பதும், அருகில் கிடப்பதும், பின்னால் தெரிவதுமே எமக்குக் கதி. பெயருடையவரைச் சூழும் இருள் அவருக்கு அணிகலனாகலாம். பெயரற்றவருக்கோ சுற்றுப்புறமே பெயர். அதை இருட்டினால் எஞ்சுவது ஒரு முகபாவம் மாத்திரமே.

அமெரிக்காவின் சமூகப் புகைப்பட மரபை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை மேலும் துலங்கும். சிறுவர் உழைப்பை எதிர்த்த இயக்கத்துக்காக லூயிஸ் ஹைன் 1908 இல் தென் கரோலினாவின் லங்காஸ்டர் நகரப் பருத்தியாலையில் எடுத்த படத்தில், ஒரு சிறுமி நூற்பு இயந்திரத்தின் அருகே நிற்கிறாள். இயந்திர வரிசை ஒரு பக்கமாக நீண்டு தொலைவிற் குறுகிச் செல்கிறது, மறுபக்கம் சாளரங்கள். சிறுமியின் சிறுமையை எமக்கு அளந்து காட்டுவது அந்த இயந்திரமே. ஹைன் தம் படத்தைச் சட்டமியற்றுவோர் முன் சான்றாக வைப்பதற்கு எடுத்தார்; அழகிய குழந்தை முகமொன்று எந்தச் சட்டத்தையும் அசைத்திராது. டொரத்தி லாங் 1936 இல் கலிபோர்ணியாவின் நிப்போமோவில் எடுத்த, 'புலம்பெயர் தாய்' என அறியப்படும் படத்தின் கதை வேறுவகையானது. கூடாரத் தூணைப் பற்றியிருந்த பெருவிரலொன்று படத்தின் கீழ் வலது மூலையில் துருத்திக்கொண்டிருந்தது. அது பார்வைக்கு இடையூறு என்று கருதிய லாங் பின்னர் நெகற்றிவில் அதை மறைக்கச் செய்தார். அவருக்குப் பணி தந்த அரச புகைப்படப் பிரிவின் தலைவர் றோய் ஸ்றைக்கர் அதனை விரும்பவில்லை. ஒரு பெருவிரல்தானே என்று தோன்றலாம். அவ்விரல் இருக்கும்வரை அப்பெண் ஒரு கூடாரத் தூணைப் பற்றிக்கொண்டு, காற்றிலும் மழையிலும் நிற்கும் ஓர் இடத்தில் இருந்தார். விரல் மறைந்ததும் அவர் தாய்மையின் சின்னமானார். அவர் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் 1960 இல் எழுதினார். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்னும் அப்பெண், 1978 இல் செய்தியாளரொருவர் தம்மைத் தேடிக் கண்டறியும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகுக்குப் பெயரற்றவராகவே இருந்தார்.

எட்வேட் கேட்டிஸின் செயலையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். வட அமெரிக்கப் பழங்குடியினர் பற்றிய தமது பெருந்தொகுதிக்காக ஒரு பீகன் குடிலினுள் இருவர் அமர்ந்திருக்கும் காட்சியை எடுத்த அவர், அவர்களிடையே இருந்த கடிகாரத்தை அச்சிட்ட படத்தில் அழித்துவிட்டார். மறைந்துபோகும் இனத்திடம் கடிகாரம் இருத்தலாகாது அன்றோ!

இன்றைய மோகத்துக்கு வருவோம். 1982 இல் ஹொங்கொங்கில் ஹொல்கா என்னும் மலிவான பிளாஸ்டிக் கமெரா செய்யப்பட்டது. சீனத்துச் சாதாரண மக்கள் வாங்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது நோக்கம். வில்லையின் குறையால் அதன் படங்களின் மூலைகள் கறுத்தன. அதை வைத்திருந்த ஏழை அக்கறுப்பை விரும்பி வாங்கவில்லை; வேறு கமெராவுக்கு வசதியில்லாமல் வாங்கினார். பின்னர் மேற்குலகின் கலைப்பிரியர் அக்குறையையே அழகென்று கொண்டாடினர். சோவியத் லோமோ கமெராவுக்கும் இதே கதி. 1992 இல் வியன்னாவில் அதற்கென ஒரு சங்கமே தோன்றியது. 2010 இல் இன்ஸ்டாகிராம் வந்தபோது வில்லையும் வேண்டியிருக்கவில்லை, கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை. விரலால் ஒருமுறை தொட்டால் ஓரம் கறுத்தது. ஏழையின் கருவிக்குறை வசதியுள்ளோரின் அலங்காரமாகி, இப்போது மீண்டும் ஏழையின் முகத்தைச் சுற்றியே பூசப்படுகிறது. இவ்வட்டத்தில் உள்ள கொடுமையை எமது அழகியல்வாதிகள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2010 நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் தன் முதற்பக்கத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்த அமெரிக்கப் படையினரின் படங்களை வெளியிட்டது. டேமன் வின்ரர் தம் கைத்தொலைபேசியால், ஹிப்ஸ்ராமற்றிக் என்னும் செயலியைக் கொண்டு எடுத்தவை. பழைய படம் போன்ற நிறமும் கறுத்த ஓரமும் செயலி தானாகவே இட்டவை. மறு ஆண்டு அவை அமெரிக்கப் போட்டியொன்றிற் பரிசு பெற்றபோது பெரும் விவாதம் எழுந்தது. வின்ரர் திறமையானவர், தம் தெரிவைத் தயங்காமல் வாதிட்டார். ஆயினும், நடந்துகொண்டிருந்த ஒரு போரை முடிந்துபோன நினைவு போலக் காட்டும் நிறமும் இருளும் யாருக்கு ஆறுதல் தந்தன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. செய்தித்துறையினர் இவ்விடயத்தில் எம்மைவிட விழிப்பாக இருக்கின்றனர். படத்தின் பின்னணியை இருட்டி அகற்றலாகாது என்று அசோசியேற்றட் பிரஸ் தன் புகைப்படக்காரருக்கு விதித்திருக்கிறது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் 2015 ஆம் ஆண்டு, இறுதிச் சுற்றுவரை வந்த படங்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அளவுமீறிய மாற்றங்களுக்காக விலக்கப்பட்டன.

நாங்கள் செய்தியாளர் அல்லர், கலைஞர் என்று எம்மவர் கூறுவர். நல்லது. அப்படியானால் 'மலையகப் பெண்' என்று தலைப்பிடாதீர்கள். தராசின் முன் நின்ற ஒருவரை எடுத்து, அவர் ஒரு மக்கட்கூட்டத்தின் உருவம் என்று உலகுக்கு அறிவித்த கணத்திலேயே சாட்சியாளனின் பொறுப்பு உங்கள்மேல் ஏறிவிட்டது. மலர்களையும் மணமக்களையும் மேடையில் ஆடுவோரையும் விரும்பியவாறு இருளாற் சூழுங்கள். அதைப்பற்றி எழுத நான் தாளைச் செலவழிக்க மாட்டேன்.

இனி, அந்தப் படத்தின் ஓரத்தில் இருந்தது யாதெனச் சொல்கிறேன். தோட்டப் பேச்சுவழக்கில் ஒரு நாட்கூலிக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பையின் நிறைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் அந்த முழுமையையும் பாதியையும் பிரிக்கும். ஆகவே தராசு முள்ளையும், புத்தகத்தில் எழுதும் கையையும் எவரும் சும்மா பார்ப்பதில்லை. என் தாயார் அத்தகைய தராசொன்றின் முன் இருபத்தைந்து ஆண்டுகள் நின்றவர். நண்பரின் இரண்டாவது படத்திலுள்ள பார்வை எனக்கு நன்கு பழகியது. அதில் ஏக்கம் இல்லை. கவனம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, சண்டைக்கு ஆயத்தமும் சிறிது இருக்கிறது. பரிசு பெற்ற படம் அவரிடமிருந்து பறித்தது இவற்றையே.

இரு படங்களையும் அடுத்த கண்காட்சியில் அருகருகே மாட்டும்படி நண்பரை வேண்டினேன். அவர் உடன்படவில்லை. இரண்டாவது படத்தைப் புத்தகக்காரர் கண்டால் அப்பெண்ணுக்குத் தொல்லை வரலாம் என்றார். அது மதிக்கத்தக்க காரணமே. பில்டரை மாட்டியபோது அவர் மனத்திலிருந்த காரணம் அதுவன்று என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். அப்படியானால் அவரிடமே போய்க் கேட்டு வரலாமே என்றேன். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். அவருடைய பெயரை அவர் கேட்டிருக்கவில்லை.